ஷோபிங்கின் முதல் ஆண்டு

தர்மிகா சீன மொழி படிக்கப் போகிறேன் என்றபோது வீட்டில் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. சீனாவோடு வியாபாரம் செய்யாத கொம்பனி ஜேர்மனியில் ஏது, படித்து முடித்தால் வேலை தானாகத் தேடி வரும் என்று தகப்பன் ஞானசுந்தரம் நம்பியிருந்தார். முனைவர் பட்டத்துக்கு அவள் எடுத்துக்கொண்ட பொருள் இன்னதென்று தெரிந்தபோதுதான் தாய் புஷ்பராணியின் முகம் மாறியது. கெல்சென்கிர்ச்சனில் ஒரு கலியாண வீட்டில் யாரோ விசாரிக்க, "அவள் ஷொப்பிங்கைப் பற்றி ஆராய்ச்சி செய்யிறாள்" என்று சொல்லிச் சமாளித்துவிட்டார்.

"ஷொப்பிங் இல்லையம்மா, ஷோபிங்," என்றாள் தர்மிகா வீட்டுக்கு வரும் வழியில். "சீனாவில வந்த வீடியோ கேம் சஞ்சிகை. அதின்ர பேர் அது."

"அதுக்கு ஷொப்பிங்கே பரவாயில்லை," என்றார் புஷ்பராணி.

வீடியோ கேம் ஆடும்போது இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்கிற கருவிக்குச் சீனத்தில் ஷோபிங் என்று பெயர். அதையே தலைப்பாக வைத்து, தொண்ணூற்று நான்கில் செங்டு நகரத்து நூடுல்ஸ் கடை ஒன்றின் மாடியில் சில இளைஞர்கள் தொடங்கிய மாத இதழ் அது. சஞ்சிகை நடத்த அரசாங்கத்தின் அனுமதி எண் வேண்டும். அது அவர்களுக்குக் கிடைக்கவில்லை. எனவே ஒவ்வொரு இதழையும் தனிப் புத்தகம் என்று சொல்லி அச்சடித்தார்கள். இரண்டாயிரத்தில் வீட்டு விளையாட்டுப் பெட்டிகளின் விற்பனையையே அரசாங்கம் தடைசெய்தது. விற்கக் கூடாத பொருளைப் பற்றி எழுதும் பத்திரிகை அன்றே செத்திருக்க வேண்டும். ஷோபிங் சாகவில்லை. அட்டையில் தன் பெயருக்குக் கீழே 'பிள்ளைகளின் கணினிக் கல்வி' என்று ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டு இன்னும் ஒன்பது ஆண்டுகள் வந்தது. அது எப்படிச் சாத்தியமானது என்பதுதான் தர்மிகாவின் ஆராய்ச்சி.

ஒரு வருடம் செங்டுவில் படிக்கப் போயிருந்தபோது பழைய புத்தகச் சந்தையில் அந்த இதழ் ஒன்று அவள் கையில் அகப்பட்டது. பாடப்புத்தகத்துச் சீனத்தில் எல்லோரும் தபால் கந்தோருக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். இதிலோ, குகைக்குள் எப்படி இறங்குவது, எந்தக் கதவைத் தள்ளினால் தரை இடியும், தோற்றுப்போனால் எங்கிருந்து மறுபடி தொடங்கலாம் என்று எழுதியிருந்தது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தாள். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், 'பக்க அமைப்பு: லியாங் ஷூவென்' என்று இருந்தது.

அந்த லியாங் ஷூவென் இப்போது டூயிஸ்புர்க்கில் இருக்கிறார் என்பதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் தேவைப்பட்டது. கணவரின் வேலையோடு வந்தவர். ஐம்பதைத் தாண்டியவர். ஆசிய உணவகங்களுக்கு உணவுப் பட்டியல் அட்டைகள் வடிவமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய வீட்டு நிலவறையில், தொடக்கம் முதல் முடிவு வரை ஷோபிங்கின் எல்லா இதழ்களும் இருந்தன. புத்தகம் என்ற பெயரில் வந்ததால் முதல் சில ஆண்டு இதழ்களை எந்த நூலகமும் சஞ்சிகையாகச் சேர்த்துவைக்கவில்லை. அவளுக்குத் தெரிந்தவரை உலகத்தில் முழுத் தொகுப்பு அது ஒன்றுதான்.

"வந்து படித்துக்கொள். படமும் எடுத்துக்கொள்," என்றார் லியாங். "ஆனால் என்னிடம் கேள்வி கேட்காதே."

"ஏன்?"

"பத்தாம் ஆண்டு நிறைவுக்கு ஒரு மலர் போட்டார்கள். ஷோபிங்கைத் தொடங்கியவர்கள் மூன்று பேர் என்று அதில் இருக்கிறது. மூவரும் ஆண்கள். நான் இல்லை. வரலாறுதான் உனக்கு வேண்டுமென்றால் அதைப் படி."

முதலில் இதழ்கள், ஆளை மெல்லப் பேசவைக்கலாம் என்று தர்மிகா எண்ணினாள். இலையுதிர் காலத்தில் முதல் ஆண்டிலிருந்து படமெடுக்கத் தொடங்குவதாகத் திட்டம்.

அதற்கு முன்பே ஆவணி மழை வந்துவிட்டது. அன்று டூயிஸ்புர்க்கைச் சுற்றிய ரூர் பகுதி முழுவதும் வானம் உடைத்துக்கொண்டு ஊற்றியது. ரயில்கள் நின்றன, சுரங்கப்பாதைகள் குளங்களாயின. லியாங்கின் தொலைபேசி அழைப்பு வந்தபோது தர்மிகா பிராங்பேர்ட்டில் ஒரு கருத்தரங்கில் இருந்தாள்.

"நிலவறைக்குள் தண்ணீர் வந்துவிட்டது," என்றார் லியாங்.

மறுநாள் பின்னேரம்தான் அவளால் டூயிஸ்புர்க் போய்ச் சேர முடிந்தது. தாயின் காரை எடுத்துக்கொண்டு போனாள். வரவேற்பறைத் தரை முழுவதும் நனைந்த சஞ்சிகைகள் குவிந்து கிடந்தன. தண்ணீர் குடித்து ஒவ்வொன்றும் இரண்டு மடங்காக ஊதியிருந்தது. சுவரோரமாக ஒரு மின்சூடேற்றி எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் ஒரு கட்டு இதழ்கள், மேலே பாரத்துக்கு இரண்டு தடித்த அகராதிகள்.

"முதல் ஆண்டு இதழ்களைத்தான் முதலில் எடுத்தேன்," என்றார் லியாங். இரவு முழுக்க விழித்திருந்த கண்கள். "தாள் சுருங்கக் கூடாதென்று பாரம் வைத்திருக்கிறேன்."

தர்மிகா அகராதிகளைத் தூக்கினாள். கீழே இருந்தது இப்போது சஞ்சிகைகள் அல்ல, ஒரு கட்டை. நகத்தால் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தாள். ஒரு தாளும் பிரியவில்லை. படிப்புக் காலத்தில் ஓர் ஆவணக் காப்பகத்தில் சில மாதம் வேலை பழகியிருந்தாள். வழுவழுப்பான தாள் நனைந்தபடியே அமுங்கிக் காய்ந்தால் அதன் பூச்சு பசையாகிவிடும் என்று அங்கே தலையில் அடித்தாற்போல் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒட்டினால் ஒட்டினதுதான். எதை மற்ற எல்லாவற்றையும் விடக் காப்பாற்ற நினைத்தாரோ, அதுவே கல்லாகிப் போயிருந்தது.

அதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. சூடேற்றியின் சுவிட்சை மட்டும் அணைத்தாள்.

"மிச்சத்தைக் காய வைக்கக் கூடாது," என்றாள். "உறைய வைக்க வேண்டும். இன்றைக்கே."

"உறைய வைப்பதா? எங்கே?"

"இடம் பார்க்கிறேன். நீங்கள் கேக் சுடும்போது விரிக்கிற ஒட்டாத பேக்கிங் தாள் எவ்வளவு இருக்கிறதோ எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள்."

இருவரும் ஒவ்வோர் இதழுக்கும் இடையில் ஒரு பேக்கிங் தாளை வைத்து, உடுப்புக் கூடைகளில் அடுக்கினார்கள். கார் புறப்படும்போது லியாங் அந்தக் கட்டையைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்து முன்னிருக்கையில் வைத்தார்.

கெல்சென்கிர்ச்சனில் யோகலிங்கம் தமிழ்க் கடை வைத்திருந்தார். அறக்குளா, விளைமீன், நண்டு, உறைந்த முருங்கைக்காய் என்று அவர் கடையின் பின்பக்கம் முழுக்கக் குளிர்பெட்டிகள்தான். தர்மிகா கூடையோடு உள்ளே நுழைந்தாள்.

"மாமா, உங்கட ஃப்ரீசரில கொஞ்சம் இடம் வேணும்."

"என்ன பிள்ளை, அம்மா கன மீன் வாங்கிப் போட்டாவோ?"

"மீன் இல்லை மாமா. புத்தகம்."

யோகலிங்கம் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். நனைந்த அட்டை ஒன்றில் வாளோடு நின்ற வீரன் அவரை முறைத்தான்.

"உமக்கென்ன விசரோ? சாப்பாட்டுச் சாமானோட இதை வைச்சு, செக் பண்ணுற ஆக்கள் வந்து பாத்தால் கடையைப் பூட்டிப் போடுவாங்கள். ஏலாது, பிள்ளை. மெய்யாய் ஏலாது."

"அப்ப அந்த மூலையில நிக்கிற பழைய ஃப்ரீசர்?"

"அது பழுது. மூடி பூட்டாது. கிழமை முடிய எறியிறதுக்கு வைச்சிருக்கிறன்."

"கரண்ட் குடுத்தால் குளிருமோ?"

"குளிரும். ஆனால் மூடி..."

"மூடியை நான் பாத்துக் கொள்ளுறன்," என்று சொல்லிவிட்டு, அவர் பதில் சொல்வதற்குள் அந்தப் பெட்டியின் வயரை இழுத்துச் சுவரில் செருகினாள். பெட்டி ஒருமுறை அதிர்ந்து முனகத் தொடங்கியது. யோகலிங்கம் தலையைச் சொறிந்தார். பிறகு இரண்டு அரிசி மூட்டைகளைத் தோளில் தூக்கி வந்து மூடியின் மேல் போட்டார்.

"இப்ப பூட்டும்," என்றார்.

பாதிக்கு மேல் அதில் அடங்கியது. மிச்சத்தோடு வீட்டுக்குப் போனாள். புஷ்பராணி குசினியில் நின்றார். மகள் கேட்டதைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"என்ர ஃப்ரீசர் நிறைய நண்டும் கணவாயும் கிடக்குது. அதையெல்லாம் எங்க கொட்டுறது?"

"தெரியாதம்மா. ஆனால் இது ராத்திரி வெளியில கிடந்தால் நாளைக்கு ஒண்டும் இல்லை. மூண்டு வருசம் படிச்சது ஒண்டும் இல்லை."

"வேற ஏதும் பாத்துப் படிக்கலாம்தானே. உன்ர பேராசிரியரும் அதைத்தானே சொன்னவர்?"

அது உண்மை. முதல் ஆண்டு இதழ்கள் இல்லாமல் இதை வரலாறு என்று சொல்ல முடியாது, கைபேசி விளையாட்டுகளுக்கு மாறிவிடு, தகவல் கொட்டிக் கிடக்கிறது என்று, லியாங்கின் தொகுப்பு கிடைக்கும் முன்பே அவர் இரண்டு தடவை எழுதியிருந்தார்.

"நான் மாற மாட்டன்," என்றாள் தர்மிகா. குரல் உயரவில்லை. "தடை வந்த பிறகும் அவை விடேல்லை அம்மா. ஒம்பது வருசம் கொண்டு போனவை. நான் ஒரு மழைக்கு விடுறதோ?"

புஷ்பராணி குளிர்பெட்டியைத் திறந்து நண்டுப் பொதிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேசையில் வைக்கத் தொடங்கினார். "அப்பாவுக்குப் போன் எடு. வரேக்குள்ள பெரிய சட்டியைச் சித்தி வீட்டில வாங்கிக்கொண்டு வரட்டும். சித்தி ஆக்களையும் சாப்பிட வரச் சொல்லு." அன்று அந்த வீட்டில் நண்டும் கணவாயும் றாலும் கலியாண வீட்டளவுக்குச் சமைக்கப்பட்டன. வந்தவர்கள் என்ன விசேஷம் என்று கேட்டார்கள். "மகளின்ர புத்தகத்துக்கு ஃப்ரீசர் தேவைப்பட்டது," என்று மட்டும் சொன்னார் புஷ்பராணி.

உறைய வைத்தது பாதி வேலைதான். உறைந்த தாளிலிருந்து ஈரத்தைத் தண்ணீராக்காமல் நேரே ஆவியாக இழுத்தெடுக்க வேண்டும். அதற்கு ஒரு தனி இயந்திரம் வேண்டும். அப்படி ஒன்று பல்கலைக்கழகத்தில் அஷ்வத் வேலை செய்த ஆய்வுகூடத்தில் இருந்தது. அஷ்வத் திருச்சிக்காரன், நுண்ணுயிரியலில் ஆராய்ச்சி செய்பவன். ஒருகாலத்தில் தர்மிகா நடத்திய சீன மொழித் தொடக்க வகுப்பில் மூன்று பாடத்தோடு ஓடிப்போனவன்.

"பேப்பரா? எங்க ஃப்ரீஸ் டிரையர்ல பாக்டீரியா சாம்பிள்தாங்க போடுவோம்," என்றான். "டெக்னிக்கலா பண்ணலாம். ஆனா மேடம் பர்மிஷன் இல்லாம நான் தொட முடியாது. தொட்டா என் கான்ட்ராக்ட் காலி."

ஆய்வுகூடத் தலைவிக்கு மின்னஞ்சல் போனது. ஒரே வரியில் மறுப்பு வந்தது. தர்மிகா மறுபடி எழுதினாள். பதிலே வரவில்லை. மாணவர்களைச் சந்திக்கும் நேரத்தில், குளிர்ப்பையில் உறைந்த இதழ் ஒன்றை வைத்துக்கொண்டு, கதவுக்கு வெளியே உயிரியல் மாணவர்களின் வரிசையில் நின்றாள். முறை வந்ததும் உள்ளே போய் அதை மேசையில் வைத்தாள். பனி படர்ந்த அட்டையைப் பேராசிரியை விரலால் துடைத்துப் பார்த்தார்.

"இதில் அப்படி என்ன எழுதியிருக்கிறது?"

ஏதேனும் பெரிதாகச் சொல்லலாம் என்று தர்மிகாவுக்குத் தோன்றியது. பண்பாடு, ஊடகம், தணிக்கை என்று விண்ணப்பங்களில் எழுதிப் பழகிய சொற்கள் நாக்கு நுனி வரை வந்தன. அவள் அவற்றைச் சொல்லவில்லை.

"ஒரு கோபுரத்தில் எப்படி ஏறுவது என்று. வீட்டில் விளையாட்டுப் பெட்டி வாங்க வழியில்லாத பிள்ளைகளும் இதை வாங்கியிருக்கிறார்கள். ஆடாமலே படித்திருக்கிறார்கள். வாசகர் பகுதியில் அப்படி எழுதியிருக்கிறது. இது போனால் அந்தப் பிள்ளைகள் இருந்ததற்கே அடையாளம் இல்லை."

பேராசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "வார இறுதியில் மட்டும். ஒவ்வொரு முறையும் இயந்திரத்தை நீயே கழுவித் தொற்று நீக்கிக் கொடுக்க வேண்டும். என் நுண்ணுயிர் மாதிரிகளில் ஒன்று கெட்டாலும் நிறுத்திவிடுவேன்."

இயந்திரத்தில் ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு இதழ்கள்தான் அடங்கின. வாரா வாரம் அவள் கடையின் அரிசி மூட்டைகளை இறக்கி, இதழ்களை எடுத்து, மூட்டைகளை மறுபடி ஏற்றினாள். அஷ்வத் சனிக்கிழமைத் தூக்கத்தைத் தியாகம் செய்து வந்தான். முதல் தொகுதி வெளியே வந்தபோது அவனே ஓர் இதழைக் கையில் எடுத்தான்.

"திறக்கவாங்க? எனக்கு பயமா இருக்கு."

"திறவுங்கோ."

தாள் மெல்லச் சரசரத்துப் பிரிந்தது. ஓரங்களில் அலை, நடுவில் பழுப்புக் கறை. ஆனால் எழுத்து எழுத்தாக நின்றது, படம் படமாக நின்றது. அஷ்வத் சத்தம் போட்டுச் சிரித்தான். தர்மிகா சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கங்களை எண்ணத் தொடங்கினாள்.

மார்கழி பிறக்கும்போது நனைந்தவற்றில் ஏறக்குறைய எல்லாம் மீண்டிருந்தன. அந்தக் கட்டையைத் தவிர. அதைப் பிரிக்க அவள் செய்யாத முயற்சியில்லை. ஆவி காட்டினாள், மறுபடி நனைத்துப் பார்த்தாள், பழைய காப்பகத்துக்கே எடுத்துப் போனாள். அங்கிருந்த ஆவணச் சீரமைப்பாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையில் கொடுத்தார். முடியாது. முதல் ஆண்டு போய்விட்டது.

மீண்ட இதழ்களைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டு டூயிஸ்புர்க் போனாள். லியாங் ஒவ்வொன்றாகப் புரட்டினார், தடவினார், முகர்ந்தும் பார்த்தார். கடைசியாகக் கேட்டார்.

"முதல் ஆண்டு?"

தர்மிகா துவாயைப் பிரித்துக் கட்டையை மேசையில் வைத்தாள். லியாங் அதைத் தொடவில்லை.

"நான் வைத்த சூட்டினால்தானே?"

பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "ஆமாம். உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை."

லியாங் எழுந்து தேநீர் வைக்கப் போனார். போனவர் தேநீர் இல்லாமலே திரும்பி வந்தார்.

"அப்படியானால் உன் ஆராய்ச்சி முடிந்தது. என்னை மன்னித்துவிடு."

"முடியவில்லை," என்றாள் தர்மிகா. "அந்தப் பக்கங்களை வெட்டி ஒட்டியவர் எனக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்."

"கேள்வி கேட்காதே என்று சொன்னேன்."

"சொன்னீர்கள். அப்போது இதழ்கள் இருந்தன. அவை பேசும் என்று நானும் பேசாமல் இருந்தேன். இப்போது மிச்சம் இருப்பது இரண்டுதான், ஒன்று அந்த மலர், மற்றது நீங்கள். நீங்கள் பேசாவிட்டால் அந்த மூன்று பேர்தான் ஷோபிங்கைத் தொடங்கினார்கள் என்று நானும் எழுத வேண்டிவரும். என் கையால் அதை எழுத எனக்கு விருப்பமில்லை."

லியாங்கின் முகம் சிவந்தது. எழுந்து போகச் சொல்லப் போகிறார் என்றே தர்மிகா நினைத்தாள். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து, உணவக அட்டைகளுக்குப் பயன்படுத்தும் பெரிய வெள்ளைத் தாள் ஒன்றையும் பென்சிலையும் எடுத்தார். தாளின் நடுவில் ஒரு கோடு இழுத்தார்.

"முதல் இதழ். இரண்டு பத்தி. மூன்று வைக்கச் சொன்னார்கள், நான் கேட்கவில்லை," என்றார். "மாடியில் மேசை கிடையாது. கீழே கடைக்காரர் கொடுத்த கதவுப் பலகை ஒன்றின் மேல் வைத்துத்தான் ஒட்டினேன். கீழே நூடுல்ஸ் கொதிக்கும் ஆவியில் பசை காயவே காயாது."

தர்மிகா ஒலிப்பதிவுக் கருவியை இயக்கினாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அப்படியே போனது. லியாங் பக்கம் பக்கமாக வரைந்தார். எல்லாம் சரியாக இருக்கவில்லை. நான்காம் இதழில் வந்தது என்று அவர் அடித்துச் சொன்ன ஒரு வரைபடத்தைப் பற்றி, ஆறாம் இதழில் வந்ததாக இரண்டாம் ஆண்டு இதழ் ஒன்றில் வாசகர் ஒருவர் எழுதியிருந்ததைத் தர்மிகா எடுத்துக் காட்டினாள். லியாங் முதலில் கோபித்தார், வாசகனுக்கு என்ன தெரியும் என்றார், அடுத்த நாள் தானே தொலைபேசியில் கூப்பிட்டு, "அவன் சொன்னதுதான் சரி. ஐந்தாவதின்போது எனக்குக் காய்ச்சல், அதனால் வரைபடம் ஆறாவதற்குத் தள்ளிப்போனது," என்றார். உறுதியானது, உறுதியில்லாதது, தெரியாதது என்று தர்மிகா எல்லாவற்றையும் பிரித்தே எழுதினாள். பேராசிரியர் அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு, கைபேசி விளையாட்டுப் பேச்சை அதோடு விட்டார். லியாங் சொன்னதை உறுதிப்படுத்த இன்னொரு வாய் கிடைக்குமா என்று மட்டும் கேட்டார்.

இன்னொரு வாய் செங்டுவில் இருந்தது. மலரில் பெயர் வந்த மூவரில் ஒருவர், பெங். அந்த மலர் வந்த நாளிலிருந்து லியாங் அவரோடு பேசியதில்லை.

"நான் கூப்பிட மாட்டேன்," என்றார் லியாங்.

"சரி. நான் கூப்பிடுகிறேன். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்."

கணினித் திரையில் நரைத்த தலையோடு ஒரு மனிதர் தோன்றினார். தர்மிகா தன்னை அறிமுகப்படுத்தி, இரண்டாம் இதழின் அட்டையைப் பற்றிக் கேட்டாள்.

"சிவப்பு அட்டை," என்றார் பெங் உடனே. "நன்றாக நினைவிருக்கிறது."

"நீலம்!" பக்கத்திலிருந்து லியாங்கின் குரல் வெடித்தது. அவர் கணினியைத் தன் பக்கம் திருப்பினார். "சிவப்பு மை தீர்ந்துபோய் அச்சகத்தில் கத்தினாயே, மறந்துவிட்டாயா? நீலத்தில் நான் மறுபடி முதலிலிருந்து ஒட்டினேன்."

திரையில் இருந்தவர் முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார்.

"ஷூவென்," என்றார். "ஆமாம். நீதான் ஒட்டினாய். முதல் இதழும் நீதான். நீ இல்லாவிட்டால் எங்களுக்கு ஒரு பக்கம் கூட வந்திருக்காது."

தர்மிகா ஒலிப்பதிவுக் கருவியைக் கணினிக்குப் பக்கத்தில் நகர்த்தினாள்.

"ஐயா, இதை நான் பதிவு செய்கிறேன். இப்போது சொன்னதை இன்னொரு முறை சொல்ல முடியுமா? அவருடைய முழுப் பெயரோடு."

பெங் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். ஷோபிங்கைத் தொடங்கியவர்கள் நான்கு பேர். முதல் ஆண்டு இதழ்கள் முழுவதையும் வடிவமைத்தவர் லியாங் ஷூவென். மலரில் அதை விட்டது தவறு. சொல்லி முடித்துவிட்டு, "ஆனால் அட்டை சிவப்புதான்," என்றார்.

"நீலம்," என்றார் லியாங், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு.